118 கிலோ மட்டக்குதிரை: பட்டினி போடாம இளைக்க வைக்கிறது எப்படி?

திருமங்கலம் தோட்டம்:

மினியேச்சர் வகை, காயடித்த ஆண், 9 வயது. பிடரிமயிர் முடிகிற இடத்தில் உயரம் 86 செ.மீ. மண்டித் தராசில் எடை 118 கிலோ. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று 112 செ.மீ., தோள் முனையிலிருந்து பின்புட்ட முனை வரை நீளம் 98 செ.மீ. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. பிடரி மேடு ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கிறது. வால் அடியில் இரண்டு பக்கமும் மெத்தை.

தீவனம்: கோ 4 நேப்பியர் தீவனப்புல் காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு. எடை போட்டதில்லை. கொள்ளு அரைக் கிலோ (வேகவைக்கும் முன் எடை), கோதுமைத் தவிடு அரைக் கிலோ. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் கொடுக்கும் வாழைப்பழம், கேரட், வெல்லம் தனி. வேலை ஒன்றும் கிடையாது, தோப்பில் நிற்கிறான்.

மூன்று கேள்வி. நாளைக்கு எவ்வளவு தீனி? டேப் கணக்கில் (சுற்று × சுற்று × நீளம் ÷ 11,880) 103 கிலோதான் வருகிறது, எதை நம்புவது? வாரத்தில் ஒரு நாள் தீனி நிறுத்தினால் சீக்கிரம் இறங்குமா?

தென்கரை வெட்:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் உயிர் போவது அதில்தான். ஒரு வேளை கூட முழுப் பட்டினி போடாதீர்கள்.

கொழுத்த மினியேச்சர், மட்டக்குதிரை, கழுதை மூன்றுக்கும் ஒரே ஆபத்து. தீனி திடீரென்று நின்றால் உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை ஒரேயடியாக ரத்தத்தில் இறக்கும். ஈரல் அதைச் செலவழிக்க முடியாமல் தானே கொழுப்பேறிப் படுத்துவிடும். ஹைப்பர்லிபீமியா என்பது இதுதான். ரத்தம் எடுத்த குழாயை நிறுத்தி வைத்துப் பாருங்கள். மேலே தெளிகிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இதில் பால் ஊற்றினாற்போல வெளுத்திருக்கும். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருக்கும். வந்தபின் பிழைப்பது கடினம்.

வெளியே தெரிவது சாதாரணமாக இருக்கும்: தீனியை மோந்துவிட்டு விலகுவான், தலை தொங்கும், தண்ணீர் குடிக்கமாட்டான், சதை துடிக்கும். "ரெண்டு வேளை சாப்பிடலை, நல்லதுதானே, இளைக்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. 12 மணி நேரம் தீனி தொடவில்லை என்றால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். வயிற்றுக் கோளாறு என்று நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போகலாம். ஏற்கெனவே கொழுப்பு மிதக்கும் ரத்தத்தில் இன்னும் கொழுப்பும் சேரும்.

குறைகிற வேகம் வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம், அதாவது இவனுக்கு 600 கிராம் முதல் 1.2 கிலோ வரை. 100 கிலோவை இலக்காக வைத்தால் 15 முதல் 30 வாரம் ஆகும். சித்திரைத் திருவிழாவுக்குள் என்று கெடு வைக்காதீர்கள்.

மாடக்குளம் லாயம்:

தராசை நம்புங்கண்ணே. 11,880 கணக்கு பெரிய குதிரைக்குப் போட்டது. மினிக்குக் கால் குட்டை, பீப்பா அகலம், அதனால குறைச்சுக் காட்டும். மினிக்குன்னே வேற கணக்கு இருக்கு, அளவு எல்லாம் இஞ்சில: நெஞ்சுச் சுற்றை 9.36ஆல பெருக்குங்க, நீளத்தை 5.01ஆல பெருக்குங்க, ரெண்டையும் கூட்டி 348.53 கழிங்க. வர்றது பவுண்டு. உங்க ஆளுக்குப் போட்டா 44.1க்கு 412.8, 38.6க்கு 193.4, கழிச்சா 257.7 பவுண்டு. 117 கிலோ. உங்க மண்டித் தராசோட ஒட்டி வருது பாருங்க.

லாரி எடை மேடைக்கு ஏத்திட்டுப் போக வேண்டாம். அதுல அஞ்சு கிலோ, பத்து கிலோதான் ஒரு படி. வாரம் ஒரு கிலோ இறங்குறது அதுல தெரியவே தெரியாது. 300 கிலோ தாங்குற எலக்ட்ரானிக் தட்டுத் தராசு, மேல ஒரு முக்கால் இஞ்ச் பலகை, பலகை மேல சாக்கு. குளம்பு வழுக்கக் கூடாது. முதல் ரெண்டு மூணு தடவை மிரளுவான், பலகைய தரையில போட்டு நடக்கப் பழக்கிட்டு அப்புறம் தராசு மேல வைங்க.

எடையோட மூணு சுற்றளவும் எழுதி வைங்க: நெஞ்சு, வயிறு, கழுத்தோட நடு. வயிறு முதல்ல இறங்கும். கழுத்துதான் கடைசி. பிடரிக் கொழுப்பு கெட்டிப்பட்டு ஒரு பக்கம் சாஞ்சிட்டா முழுசா நிமிராமலே போகலாம், அதைப் பார்த்து மனசு விட வேண்டாம்.

விலாவுக்கு ஒரு கைக்கணக்கு. கைய மூடி முட்டி எலும்பு மேல விரலை ஓட்டுங்க, விலா அப்படி இருந்தா மெலிவு. விரலை நீட்டிப் புறங்கை மேல ஓட்டுங்க, அப்படி இருந்தா சரி. உள்ளங்கையில கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற சதை மாதிரி மெத்துன்னு இருந்தா கொழுப்பு. தொங்குற வயித்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. மோசமான நார்த்தீனி தின்னாலும், குடல்புழு இருந்தாலும் விலா தெரியத் தெரிய வயிறு மட்டும் பானை மாதிரி நிக்கும்.

ரேக்ளா பிரியன்:

ஒன்றரை சதவீதம்தான் எல்லாரும் சொல்றது. 118க்கு ஒன்றரை சதவீதம்னா 1.8 கிலோ. காலைல 900 கிராம் புல்லு, சாயங்காலம் 900 கிராம் புல்லு, முடிஞ்சுது. ஆனா கொள்ளை நிறுத்தாதீங்க. குதிரைன்னா கொள்ளு. கால்ல வலு போயிரும்.

தென்கரை வெட்:

தம்பி, இந்தக் கணக்கை யாராவது இப்படியே செய்தால் ஒரு மாதத்துக்குள் குதிரை போய்விடும். தயவுசெய்து இதைப் படிக்கிற எல்லோரும் கவனிக்கவும்.

ஒன்றரை சதவீதம் என்பது உலர்பொருள் கணக்கு, தண்ணீரைக் கழித்த எடை. பச்சை நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 1.8 கிலோ பச்சைப்புல்லில் உலர்பொருள் 360 கிராம்தான். அது உடல் எடையில் 0.3 சதவீதம். ஒரு சதவீதத்துக்குக் கீழே எந்த நிலையிலும் போகக் கூடாது.

சரியான கணக்கு: 118 கிலோவுக்கு ஒன்றரை சதவீதம் 1.77 கிலோ உலர்பொருள். காய்ந்த புல்லாகக் கொடுத்தால் (அதிலும் பத்து சதவீதம் ஈரம் உண்டு) ஏறக்குறைய 2 கிலோ. பச்சை நேப்பியராகவே கொடுத்தால் ஏறக்குறைய 9 கிலோ. உங்கள் புல்லின் ஈரம் தெரிய வேண்டுமானால் ஒரு கிலோவை நறுக்கித் தகரத்தில் பரப்பிக் காயவையுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. 220 கிராம் மிஞ்சினால் அதில் உலர்பொருள் சுமார் 200.

அடுத்தது கொள்ளு. 118 கிலோ மினி சும்மா நிற்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,000 கிலோகலோரி போதும். அரைக் கிலோ கொள்ளில் மட்டும் 1,600 இருக்கிறது. ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே முடிந்தது, பிறகு தவிடு, பிறகு இரண்டு கட்டுப் புல், பிறகு வெல்லம். எல்கைப் பந்தயத்தில் வண்டி இழுத்து ஓடுகிற குதிரைக்குக் கொடுக்கிற தீவனத்தைத் தோப்பில் நிற்கிற குதிரைக்குக் கொடுத்ததுதான் இங்கே நோய்.

ஆனாலும் இரண்டையும் நாளைக்கே நிறுத்தாதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்து 12 நாளில் பூஜ்யத்துக்கு வாருங்கள். அதுவரை புல்லில் கை வைக்க வேண்டாம், எடை மட்டும் போட்டு எழுதுங்கள். பிறகு இரண்டு வாரம் இரண்டு சதவீதம், அதாவது 2.36 கிலோ உலர்பொருள். அதன்பின் ஒன்றரை. எடை நான்கு வாரம் அசையாமல் நின்றால் பத்து சதவீதம் குறைக்கலாம். 1.25 சதவீதத்துக்குக் கீழே டாக்டர் பார்வையில் மட்டும்.

ரேக்ளா பிரியன்:

புரிஞ்சுது டாக்டர். பச்சைக்கும் காய்ஞ்சதுக்கும் வித்தியாசம் பார்க்கல. மேல போட்ட அளவை யாரும் எடுத்துக்காதீங்க.

பேரையூர்க் கரிசல்:

அளவு சொல்லிவிட்டார்கள், எந்தப் புல் என்று யாரும் சொல்லவில்லை.

நேப்பியரில் ஆக்சலேட் அதிகம். அது புல்லில் இருக்கிற சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும், குதிரைக்குச் சேராது. மாட்டுக்கு இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர் ஆக்சலேட்டை உடைத்துவிடும், அதனால் மாடு தாங்கும். குதிரைக்கு அந்த வசதி குறைவு. இதோடு தவிடு சேர்ந்தால் இன்னும் மோசம், தவிட்டில் பாஸ்பரஸ் கூடுதல், சுண்ணாம்பு குறைவு. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். முகத்து எலும்பு இருபக்கமும் வீங்கும், நடை நொண்டும், மெல்லும்போது வலிக்கும். திருமங்கலத்துக்காரர் கொடுத்துக்கொண்டிருப்பது சரியாக இந்த ஜோடிதான். கண்ணுக்குக் கீழே, தாடைக்கு மேலே இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள்.

நேப்பியரை முழுக்கத் தூக்கிப் போட வேண்டாம், பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள். மீதிக்கு அருகம்புல் நல்லது. பூக்கடையில் பிள்ளையாருக்குக் கட்டி விற்கிற விலையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. கண்மாய் உள்வாயிலும் வரப்பிலும் வெட்டுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். களைக்கொல்லி அடித்த வரப்பா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் வெயிலில் புரட்டிக் காயவைத்தால் ஈரக் கணக்குத் தொல்லையும் இல்லை. கூடவே குதிரை மசால் (லூசர்ன்) கொஞ்சம், சுண்ணாம்புச்சத்துக்காக. பெயரில் குதிரை இருக்கிறது என்று கட்டுக்கட்டாகப் போடாதீர்கள், சத்து கூடியது. பச்சையாக ஒன்று, ஒன்றரைக் கிலோ போதும்.

கணக்கு இப்படி வரும்: காய்ந்த அருகு 1 கிலோ (உலர்பொருள் 900 கிராம்), நேப்பியர் 3 கிலோ (600), குதிரை மசால் 1.4 கிலோ (280). மொத்தம் 1.78.

எங்கள் பக்கம் சோளநாத்து மலிவு என்று யாராவது ஏற்றிவிடப் பார்ப்பார்கள். பச்சைச் சோளம் குதிரைக்கு ஆகாது. வாடிய பயிரிலும் மறுதாம்பிலும் சயனைடு விஷம் என்பது மாட்டுக்காரருக்கே தெரியும். குதிரைக்கு அதற்கும் மேலே ஒன்று, தொடர்ந்து தின்றால் மூத்திரப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும். ஆட்டுக்கு வெட்டிப்போடுகிற சவுண்டல் (சூபாபுல்) தழையும் வேண்டாம், மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். கோடையில் சீமைக்கருவேலங்காய் உதிர்கிற இடத்தில் கட்டாதீர்கள். சர்க்கரை மாதிரி இனிக்கும், வயிறு முட்டத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற ஃப்ரக்டன் பயத்தை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். அது குளிர்தேசப் புல்லில் சேர்கிற சர்க்கரை. நேப்பியர், அருகு, கொழுக்கட்டைப்புல் எல்லாம் வெப்பதேசப் புல், அவை மிச்சத்தை மாவுச்சத்தாக வைத்துக்கொள்ளும். நமக்குத் தொல்லை புல்லின் சர்க்கரையைவிட எடை போடாத கட்டு.

திருமங்கலம் தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. இன்று கட்டை எடை போட்டேன். காலைக் கட்டு 8.2 கிலோ, மாலை 7.6. கொள்ளும் தவிடும் சேர்த்தால் உலர்பொருள் கிட்டத்தட்ட 4 கிலோ, மூன்றரை சதவீதத்தை நெருங்குகிறது.

இரண்டு சந்தேகம். மேலூர்ப் பக்கமிருந்து வைக்கோல் சுலபமாகக் கிடைக்கிறது, பாதியை வைக்கோலாக மாற்றலாமா? 1.77 கிலோவை அரை மணியில் முடித்துவிட்டு மீதி நேரம் வேலியைக் கடிப்பான் போலிருக்கிறது, அதற்கு என்ன வழி?

மாடக்குளம் லாயம்:

பாதியெல்லாம் வேண்டாம்ணே. நெல் வைக்கோல்ல மணல்சத்து, அதான் சிலிக்கா, ஜாஸ்தி. ஆக்சலேட்டும் உண்டு. திடீர்னு நிறைய தின்னா குடல்ல பந்தாகி அடைச்சுக்கும். மொத்தத்துல கால் பங்கு வரைக்கும், மூணு வாரத்துல மெதுவா ஏத்தி, பூஞ்சை வாடை இல்லாத வைக்கோலா. யூரியா தெளிச்ச வைக்கோல் மாட்டோட நிக்கட்டும். வைக்கோல் காட்டுறதுக்கு முன்னாடி பல்லைப் பாருங்க. மினிக்குத் தாடை சின்னது, பல்லு நெருக்கம். மென்னதைச் சுருட்டிக் கீழ துப்புறான்னா பல்லு ராவணும்.

நேரத்தை நீட்டுறதுக்கு வலைதான். முறுக்கு நைலான் வலை, கண்ணு மூணு சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. முதல் வாரம் பாதித் தீனி வலையில, பாதி வெளிய. எடுத்தவுடனே எல்லாத்தையும் வலைக்குள்ள போட்டா கோபத்துல தின்னாமலே விட்டுருவான், அது டாக்டர் சொன்ன ஆபத்துல கொண்டு போய் விட்டுரும். மினி குளம்பு தேங்காய்ச் சிரட்டை அளவு, தாழ்வாத் தொங்கவிட்ட வலையில மாட்டிக் காலை ஒடிச்சுக்கும். அதனால தொங்கவிடாம, பாதியா அறுத்த நீலப் பிளாஸ்டிக் டிரம்முக்குள்ள வலைய விரிச்சு நாலு பக்கமும் கட்டிருங்க. அறுத்த விளிம்புல ஹோஸ் பைப்பைக் கீறி மாட்டினா வாய் கிழியாது.

அஞ்சு வேளையாப் பிரிங்க. அஞ்சு மணி, பத்து மணி, ரெண்டு மணி, ஆறு மணி, ராத்திரி பத்துக்குப் பெரிய பங்கு. நடுவுல ஆறு மணி நேரத்துக்கு மேல வெறும் வயிறா விட்டா இரைப்பை புண்ணாகும்.

காய்ஞ்ச புல்லை ஊறவெச்சா சர்க்கரை கொஞ்சம் இறங்கும். நம்ம வெயிலுக்கு அரை மணி நேரம் போதும், ஒரு மணிக்கு மேல விட்டா புளிச்ச வாடை வந்துரும். ஊறின தண்ணியக் கொட்டிருங்க, அவன் குடிக்கக் கூடாது. எடை போடுறது ஊறப்போடுறதுக்கு முன்னாடி.

பசியில மண்ணை நக்குவான். தொட்டியச் சுத்தி ரப்பர் விரிப்பு போடுங்க. சாணி உருண்டை அஞ்சாறு எடுத்துக் கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்திக் கலக்கி வைங்க, அடியில மணல் படிஞ்சா உள்ள போயிருக்குன்னு அர்த்தம். படுக்கைக்கு வைக்கோல், கரும்புச் சோகை போட்டா கணக்குல வராத தீனி ஆயிரும். தென்னைநார்க் கழிவு போதும்.

தென்கரை வெட்:

அதோடு: தானியம் நின்றதால் உப்பும் தாதுவும் குறையும். நாளைக்குப் பொடி உப்பு 10 கிராம், கால்சியம் கார்பனேட் 10 முதல் 15 கிராம், தாது உப்புக் கலவை 10 கிராம், கையளவு நனைத்த புல்லில் பிசைந்து கொடுங்கள். கலவையின் சீட்டை முழுதாகப் படியுங்கள். மோனென்சின், சாலினோமைசின் என்று ஏதாவது இருந்தால் அது குதிரையின் இதயத்தைக் கொல்லும். கோழித் தீவனத்தில் இவை சாதாரணமாக உண்டு, சில ஆடு மாட்டுத் தீவனத்திலும் உண்டு. தோப்பில் கோழி, ஆடு இருந்தால் அவற்றின் தொட்டிக்கு அவன் வாய் எட்டக் கூடாது.

குளம்பு வேலை:

நடக்கவிடுவதற்கு முன் குளம்பு. இப்படிக் கொழுத்த குதிரைக்கு லேமினைடிஸ் (குளம்புக்குள் சதை அழன்று வலிக்கும் நோய்) ஏற்கெனவே வந்து போயிருக்கலாம், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

குளம்புச் சுவரில் வளையம் வளையமாக இருந்து, வளையங்கள் குதியில் அகன்றும் முன்னால் நெருங்கியும் இருந்தால் சந்தேகம். அடியில் வெள்ளைக் கோடு அகன்றிருந்தால், அதில் ரத்தக்கறை இருந்தால் உறுதி. கணுவுக்குப் பின்னால் இரு பக்கமும் விரல் வையுங்கள். நாடி நல்ல குளம்பில் தேடினால்தான் கிடைக்கும். விரலை உதைத்தால் நோய் நடக்கிறது. வட்டமாகத் திருப்பும்போது தயங்குவது, முன்காலை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்பது, கல்லில் எலி மாதிரி அடி வைப்பது எல்லாம் அதே.

அப்படி இருந்தால் நடை கிடையாது. ஒரு அடி ஆழம் மணல் போட்ட கொட்டில், முழங்காலுக்குக் கீழே ஐஸ் தண்ணீர், அன்றே டாக்டர்.

குளம்பு சுத்தமாக இருந்தால் முதல் வாரம் 15 நிமிடம் கையில் பிடித்து நடை. வாரம் ஐந்து நிமிடம் கூட்டி 40க்குக் கொண்டுபோங்கள், அதில் கடைசிப் பத்து நிமிடம் துள்ளோட்டம். கண்மாய்க் கரை மாதிரி மண் பாதை. தார் ரோடு வேண்டாம். சித்திரை வைகாசியில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் மூச்சு வாங்கியும் தோல் காய்ந்தே இருந்தால் வியர்வை சுரக்கவில்லை, நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும்.

வாடிப்பட்டி:

இடையில் ஒரு கேள்வி. எங்களிடம் இருப்பது எட்டு மாதச் சினை மட்டக்குதிரை, ரொம்பக் குண்டு. இதே முறையா?

தென்கரை வெட்:

வேண்டாம் அம்மா. சினையிலும் பால் கொடுக்கும்போதும் எடை குறைக்கக் கூடாது, ஹைப்பர்லிபீமியா அதிகம் தாக்குவது அவர்களைத்தான். தானியத்தையும் இனிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திப் புல்லைக் குறையாமல் கொடுங்கள். குட்டி பால் மறந்தபின் பார்க்கலாம்.

திருமங்கலத்துக்காரருக்கு இன்னொன்று. பிடரி சாய்கிற அளவுக்குப் போயிருப்பதால் ரத்தத்தில் இன்சுலின் அளவையும் பாருங்கள். கொள்ளோ தவிடோ கொடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டாம். பட்டினி போட்டும் எடுக்க வேண்டாம், புல் தின்றுகொண்டே இருக்கலாம். அதே ஊசியில் ட்ரைகிளிசரைடும் கேளுங்கள், ஆரம்ப அளவு கையில் இருந்தால் பிறகு ஒப்பிடலாம். உள்ளூரில் குதிரை பார்த்துப் பழகியவர் கிடைக்காவிட்டால் திருநெல்வேலி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இளைக்க ஆரம்பித்தபின் வண்டியில் ஏற்றி அலைக்கழிக்காமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

திருமங்கலம் தோட்டம்:

முகத்தில் வீக்கம் இல்லை. குளம்பில் இரண்டு வளையம் இருக்கிறது, நாடி அமைதியாக இருக்கிறது, நாளை டாக்டர் வருகிறார், ரத்தமும் எடுக்கிறார். கொள்ளு, தவிடு இரண்டும் 375 கிராமுக்கு வந்தாயிற்று. எடை ஒவ்வொரு ஞாயிறும் மாலை போடலாம் என்று இருக்கிறேன்.

மாடக்குளம் லாயம்:

ஞாயித்துக்கிழமை சாயங்காலமா? கூட்டம் வந்து தின்னக் கொடுத்து முடிச்ச நேரம். புதன்கிழமை காலையில, அஞ்சு மணித் தீனிக்கு முன்னாடி போடுங்க, ஒவ்வொரு வாரமும் அதே நேரம். தண்ணியை மட்டும் எப்பவும் எடுக்காதீங்க. முதல் வாரம் மூணு கிலோ சட்டுனு இறங்கினா சந்தோஷப்படாதீங்க, அது குடல்ல கிடந்த புல்லும் தண்ணியும். மூணாவது வாரத்துல இருந்து இறங்குறதுதான் கொழுப்பு.

'தீனி போடாதீர்கள்'னு போர்டு வெச்சா எவனும் படிக்க மாட்டான். அன்னைக்குப் பங்குல இருந்து காய்ஞ்ச அருகு இருநூறு கிராம் எடுத்து, விரல் நீளம் நறுக்கி, ஒரு டப்பால போட்டு வாசல்ல வைங்க. வர்ற பிள்ளைங்க கையில அதைக் கொடுங்க. டப்பா காலியானா அன்னைக்கு அவ்வளவுதான்.